ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இறங்கிய கடி: பதின்வயதில் சிகிச்சைத் திட்டம் போடும் முறை

மேல் வெட்டுப்பற்கள் கீழ் வெட்டுப்பற்களை 2 முதல் 3 மி.மீ. வரை மூடியிருப்பது இயல்பு. பாதிக்கு மேல் மூடினால் டீப் பைட், அதாவது ஆழ்ந்த கடி. கீழ்ப்பல்லின் நுனி மேலண்ணத்து ஈறில் குத்தித் தழும்பாக்கும் அளவுக்குப் போய்விட்டால் அது கடுமையான நிலை. அதிலும் ஒரு வகை உண்டு: வலப்பக்கம் 7 மி.மீ. மூடியிருக்கும், இடப்பக்கம் 3 மி.மீ.தான் இருக்கும், கீழ் நடுக்கோடு (இரு நடுவெட்டுப்பற்களுக்கும் இடையிலுள்ள கோடு) ஒதுங்கியிருக்கும், பிள்ளை சிரித்தால் பல்வரிசை ஒரு பக்கம் தாழ்ந்து தெரியும். 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் இந்த வகைக்குத் திட்டம் போடுவது பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பல்சீரமைப்பில் புதிதாக இறங்கிய மருத்துவர்களுக்காக எழுதினாலும், 'கிளிப் போடணும்' என்று கேட்டு வந்த பெற்றோரும் பின்தொடரலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கம்பி, ஒரே விசை என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் கடி திறந்துவிடும். பல்வரிசையின் சாய்வு அப்படியே நிற்கும், சில வாய்களில் கூடவும் செய்யும். பிறகு அதைத் திருத்த ஒரு வருடம் போகும். கோணலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவே கூடாது. எந்தப் பக்கம், எந்தப் பல், எந்த எலும்பு என்று தெரிந்த பிறகுதான் முதல் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிடி).

வாயைத் திறக்கவைத்துத் தொடங்குங்கள்

பிள்ளையை நேராக உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் கண்மட்டத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். புருவ நடுவிலிருந்து மேலுதட்டுக் குழியின் நடுவழியாக முகவாய் வரை ஒரு பல்நூலைப் பிடியுங்கள். மூக்கு நுனியை நம்ப வேண்டாம். பலருக்கு அது வளைந்திருக்கும். மேல் நடுக்கோடு நூலிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கீழ் நடுக்கோட்டை மூன்று நிலையில் பார்க்க வேண்டும்: வாய் அகலத் திறந்திருக்கும்போது, பற்கள் முதன்முதலில் தொடும் நொடியில், முழுக்கக் கடித்தபின். திறந்தபோது நடுவில் இருந்த கோடு, முதல் தொடுகைக்குப் பிறகு ஒதுங்கினால் தாடை நன்றாகத்தான் இருக்கிறது. ஏதோ ஒரு பல் அதை வழிமாற்றி நகர்த்துகிறது. திறந்தபோதும் மூடியபோதும் ஒரே அளவு ஒதுங்கியிருந்தால் குறை தாடையில் இருக்கலாம், கீழ்ப்பல்வரிசையிலும் இருக்கலாம். திறக்கத் திறக்க முகவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கத்துத் தாடை மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். சின்ன வயதில் மாடிப்படியிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து முகவாயில் தையல் போட்டதுண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். அன்று யாரும் கவனிக்காத காண்டைல் (தாடை மூட்டிலுள்ள எலும்புமுனை) முறிவு, பத்து வருடம் கழித்து இப்படி ஒரு பக்கம் குட்டையான தாடையாக வந்து நிற்கும்.

ஆழ்ந்த கடியில் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். முன்பற்கள் பூட்டுப் போட்டதுபோல் மாட்டியிருப்பதால் தசை பழைய பாதையிலேயே தாடையைக் கொண்டுபோய் நிறுத்தும். இரு பக்கக் கடைவாயிலும் பஞ்சுருளை வைத்து 10 நிமிடம் கடிக்கவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால், மேலே கழற்றி மாட்டும் முன்கடித்தட்டு (கீழ் முன்பற்கள் மட்டும் தொடும் தட்டு) ஒன்றைச் சில வாரம் போடவைத்து, தசை தளர்ந்தபின் அளவெடுங்கள். இந்தத் தாமதம் வீணல்ல. இல்லாத தாடைக் கோணலுக்கு அறுவை சிகிச்சை பேசுவதும், இருக்கும் கோணலுக்கு ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக்கொண்டிருப்பதும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான் நடக்கின்றன.

அடுத்து, சாய்வு. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையைக் குறுக்கே வைத்து இரு பக்கக் கோரைப்பற்களாலும் கடிக்கச் சொல்லுங்கள், பிறகு முன்கடைவாய்ப்பற்களாலும். கண்மணிகளை இணைக்கும் கோட்டோடு ஒப்பிட்டுப் படமெடுங்கள். கண்களே சமமாக இல்லாத முகமென்றால் தரைமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் படம் கோணும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

ஆழம் எங்கிருந்து வந்தது

ஒரு பக்கம் மட்டும் கடி ஆழமாவதற்கு நான்கு வழிகள் உண்டு. பல பிள்ளைகளில் இரண்டு கலந்திருக்கும்.

அந்தப் பக்கத்து மேல் வெட்டுப்பற்கள் அதிகமாக இறங்கியிருக்கலாம். உதட்டைத் தளர்வாக வைக்கும்போது மேற்பல் எவ்வளவு தெரிகிறது என்று வலம், இடம் தனித்தனியாக அளக்க வேண்டும். இந்த வயதுப் பெண்களில் 3 முதல் 4 மி.மீ., ஆண்களில் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 6 என்று வந்தால் குற்றவாளி மேலே இருக்கிறது. ஆனால் மேலுதடே ஒரு பக்கம் அதிகம் தூக்குகிறதா என்றும் பாருங்கள். சிரிப்பில் மட்டும் தெரியும் சாய்வு உதட்டின் சாய்வாக இருக்கலாம், அதைக் கம்பியால் திருத்த முடியாது.

கீழ் வெட்டுப்பற்கள் எழும்பியிருக்கலாம். மாதிரி அச்சில், கீழ் வெட்டுப்பல் நுனியிலிருந்து இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்முகடு வரை ஓர் அளவுகோலை வைத்து, நடுவில் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பே வளைவு எனப்படும் இதையும் வலம், இடம் தனித்தனியே குறிக்க வேண்டும். சராசரி போட்டு ஒரே எண்ணாக எழுதினால் தேடிக்கொண்டிருக்கும் செய்தியையே அழித்துவிடுவீர்கள்.

கடைவாய்ப்பக்கம் எழும்பாமல் நின்றிருக்கலாம். எலும்போடு ஒட்டிப்போன பால்கடைவாய்ப்பல், சொத்தையில் சீக்கிரம் பிடுங்கிய பால்பல், முதல் கடைவாய்ப்பல் போன இடத்தில் முன்னுக்குச் சாய்ந்த இரண்டாம் பல் என்று காரணம் பல. மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்கத் தாண்டி வெளியே இறங்கும் கத்தரிக் கடி ஒரு பக்கம் இருந்தாலும் அங்கே உயரம் சரிந்திருக்கும்.

நான்காவது, தாடையே. ரேமஸ் (கீழ்த்தாடை எலும்பின் செங்குத்துப் பகுதி) ஒரு பக்கம் குட்டையாக இருக்கும், அல்லது மறுபக்கத்துக் காண்டைல் மிதமிஞ்சி வளர்ந்துகொண்டிருக்கும்.

பக்கவாட்டு செஃபலோகிராமில் (அளவெடுப்பதற்கான தலை எக்ஸ்ரே) தாடையின் கீழ்விளிம்பு இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் நடுவில் ஒரு கோடு போட்டு அளக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோணல் சந்தேகம் உள்ள பிள்ளையிடம் அந்த இரட்டைக் கோட்டையும் குறித்துவையுங்கள். தலை திரும்பியிருந்தாலும் இரட்டைக் கோடு வரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் நேர்முக செஃபலோகிராமோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஓபிஜியில் (முழுத்தாடை எக்ஸ்ரே) இரு ரேமஸ்களையும் ஒப்பிடலாம். ஆனால் எந்திரத்தில் தலை சற்றுத் திரும்பினாலே உருப்பெருக்கம் மாறிவிடும். காண்டைலில் ஐயம் இருந்தால் மட்டும் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே). எல்லாப் பிள்ளைக்கும் சடங்குபோல அதை எழுதிக்கொடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை; வளரும் உடம்புக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு அது.

தாடை வலி, காலையில் வாய் திறக்கச் சிரமம், முழங்காலிலோ மணிக்கட்டிலோ வீக்கம் என்று ஏதாவது சொன்னால் கம்பியைக் கீழே வையுங்கள். சிறார் மூட்டழற்சி காண்டைலைக் கரைக்கும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்தில் பார்த்து, நோய் அடங்கிய பிறகுதான் பல் வேலை.

வளர்ச்சி எவ்வளவு மிச்சம்

இதை வயதால் கணிக்க வேண்டாம். பக்கவாட்டு செஃபலோகிராமிலேயே கழுத்து முள்ளெலும்புகள் தெரியும். இரண்டாவது, மூன்றாவது முள்ளெலும்புகளின் கீழ்விளிம்பு குழியத் தொடங்கி, நான்காவது இன்னும் தட்டையாக இருக்கும் கட்டத்தை ஒட்டி வளர்ச்சி உச்சம். பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் உச்சம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். இதை அம்மாவிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை முன்னால் வேண்டாம்.

சென்னையில் இன்னொரு நாட்காட்டியும் ஓடுகிறது. 'பத்தாவது பரிட்சை முடியட்டும் டாக்டர்' என்பார்கள். வளர்ச்சி முடிந்துபோன பிள்ளைக்கு அது பரவாயில்லை. 13 வயதுப் பையனுக்குத் தாடையை வழிநடத்த இருக்கும் காலமே ஒன்று, ஒன்றரை வருடம்தான். அதைப் பெற்றோருக்கு ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 11ஆம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் உண்டா என்றும் முதல் நாளே கேளுங்கள். ஒரு பக்கம் விசை கொடுக்கும் கம்பி மூன்று மாதம் கேட்பாரற்றுக் கிடந்தால் பல்வரிசையை மறுபக்கம் சாய்த்துவிடும்.

உச்சத்துக்கு முன்: பிளாக்குகளைச் சமமில்லாமல் தேயுங்கள்

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு ட்வின் பிளாக் (தாடையை முன்னே கொண்டுவர மேலும் கீழும் கழற்றி மாட்டும் கருவி) நல்ல தேர்வு. மெழுகில் கடிப்பதிவு எடுக்கும்போது 5 முதல் 7 மி.மீ. முன்னே கொண்டுவருகிறோம், முன்கடைவாய்ப் பகுதியில் பிளாக் உயரம் 5 மி.மீ. அளவில் இருக்கும். நடுக்கோட்டை இங்கே எப்படிப் பதிவது என்பதில்தான் தவறு நடக்கும். தாடை ஒதுங்கியிருந்தால் நடுக்கோட்டைப் பொருத்திப் பதிவு செய்யலாம். கீழ்ப்பற்கள் மட்டும் நகர்ந்திருந்தால் பல் நடுக்கோட்டைப் பொருத்தக் கூடாது. நேராக நிற்கும் தாடையைத் திருகிவிடுவீர்கள். மேலுதட்டு, கீழுதட்டு உட்புறச் சவ்வு மடிப்புகள் நேருக்கு நேர் வரும்படி பதிவெடுப்பது பாதுகாப்பான வழி.

ஓவர்ஜெட் (மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னே நீட்டியிருக்கும் அளவு) அடங்கிய பிறகு மேல் பிளாக்கைத் தேய்த்து, கீழ்க் கடைவாய்ப்பல் எழும்ப இடம் விடுவோம். கடி ஆழமான பக்கத்தில் முதலில் தேயுங்கள், ஒரு வருகைக்கு 1 முதல் 2 மி.மீ. மறுபக்கப் பிளாக்கை அப்படியே விட்டால் அந்தப் பக்கத்துப் பற்கள் எழும்ப வழியில்லை. இரு பக்கமும் சமமாகத் தேய்ப்பதுதான் வழக்கமான பிழை. சாப்பிடும்போதும் மாட்டியிருக்க வேண்டும். இரவில் மட்டும் போடும் பிள்ளைக்கு இது வேலை செய்யாது.

நிலைக்கம்பி: யாரை இறக்குவது, யாரை ஏற்றுவது

முகம் குட்டை, தாடைக்கோணம் தட்டை என்றால் கடைவாய்ப்பற்களை எழுப்பிக் கடியைத் திறக்கலாம். அங்கே 1 மி.மீ. எழும்பினால் முன்னே ஏறக்குறைய 2 மி.மீ. திறக்கும். முகம் நீளம், எஃப்எம்ஏ (கீழ்த்தாடை விளிம்பு முகத்தின் கிடைக்கோட்டோடு சேரும் கோணம்) 30 பாகைக்கு மேல் என்றால் அதைச் செய்யவே கூடாது. தாடை பின்னோக்கிச் சுழன்று முகவாய் உள்ளே போய்விடும். அங்கே வெட்டுப்பற்களை எலும்புக்குள் அமுக்குவதே வழி. மேற்பல்லையா, கீழ்ப்பல்லையா என்பதை உதட்டு அளவு சொல்லும். ஓய்வில் 2 மி.மீ.தான் தெரிகிறது என்றால் மேற்பல்லைத் தொடாதீர்கள். பதினாறு வயதில் முதியவரின் சிரிப்பு வந்துவிடும்.

பிராக்கெட் ஒட்டும் நாளிலேயே கடியைத் தூக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ் பிராக்கெட்டுகள் கடிபட்டு விழும். மேல் நடுவெட்டுப்பற்களின் உட்புறத்தில் 2 முதல் 3 மி.மீ. காம்போசிட் (பல் அடைக்கும் பசை) மேடை ஒட்டலாம். ஓவர்ஜெட் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் கீழ்ப்பற்கள் அந்த மேடைக்குப் பின்னால் இறங்கித் தாடையைப் பின்னுக்குத் தள்ளும்; அப்போது கடைவாய்ப்பல் மேல் வையுங்கள். எங்கே வைத்தாலும் கார்பன் தாளில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடுவதைப் பார்க்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் முந்தித் தொட்டால் நாமே ஒரு புதிய ஒதுக்கத்தை உண்டாக்கியவர்களாவோம்.

ஆழமான பக்கத்துப் பற்களைத் தொடக்கத்தில் ஒரே தொடர்கம்பியில் சேர்க்காதீர்கள். நிக்கல் டைட்டானியம் கம்பி எல்லாப் பல்லையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். தாழ்ந்த பல்லை ஏற்றுவதோடு சரியாக நிற்கும் பக்கத்துப் பல்லையும் இறக்கும். கடைவாய்ப் பகுதிகளைத் தனித்தனித் துண்டாக 0.019 × 0.025 அங்குல ஸ்டீலில் கட்டுங்கள். முன்பற்களை வேறொரு துண்டாக. மேல் கடைவாய்ப்பற்களை அண்ணக்கம்பியால் இணைத்துவிடுங்கள். ஆழமான பக்கத்து முதல் கடைவாய்ப்பல் குழாயிலிருந்து 0.017 × 0.025 அங்குல டிஎம்ஏ (பீட்டா டைட்டானியம்) கம்பியில் ஒற்றைக்கை நெம்புகோல் ஒன்றை வளைத்து, அதன் நுனியை அந்தப் பக்கத்துப் பக்கவெட்டுப்பல் அருகே முன்துண்டின்மேல் கட்டுங்கள். பிராக்கெட் பள்ளத்துக்குள் நுழைத்தால் விசை எங்கே, எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு கைவிட்டுப் போகும். ஒரு புள்ளியில் கட்டினால் விசைமானியில் அளக்கலாம். ஒரு வெட்டுப்பல்லுக்கு 10 முதல் 20 கிராம் போதும். இதைக் கூட்டினால் பல் வேகமாக அமுங்காது. வேர் நுனி கரையும், கடைவாய்ப்பல் பின்னுக்குச் சாய்ந்து எழும்பும். நான்கு மாதத்தில் 2 மி.மீ. கிடைத்தால் நல்ல முன்னேற்றம். ஆறாவது மாதம் வெட்டுப்பல் வேர்களை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர் மழுங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விசையில்லாக் கம்பி போட்டு ஓய்வு கொடுங்கள்.

கடைவாய்ப்பல்லின் மேல் இந்தப் பாரத்தை ஏற்ற விருப்பமில்லையென்றால் மினி ஸ்குரூ (எலும்பில் பதிக்கும் சின்னத் திருகாணி). ஆழமான பக்கத்தில் பக்கவெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே, 1.4 அல்லது 1.5 மி.மீ. விட்டம், 6 முதல் 8 மி.மீ. நீளம். சின்னப் பிள்ளைகளின் எலும்பு மிருதுவாக இருப்பதால் சீக்கிரம் ஆடும். ஈறு வீங்கினாலும் ஆடும். ஆடினால் இறுக்கப் பார்க்காமல் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள்.

அலைனர் (கழற்றி மாட்டும் ஒளிபுகு உறை) கேட்டு வருபவர்களும் உண்டு. முன்பல்லை அமுக்குவது அலைனரின் பலவீனமான வேலைகளில் ஒன்று, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால். கடுமையான கோணலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஒரு பக்க கிளாஸ் 2, ரப்பர் பேண்ட், பல் எடுப்பது

ஒரு பக்கம் கிளாஸ் 1 (மேல், கீழ்ப்பற்கள் முன்பின்னாகச் சரியாகப் பொருந்திய நிலை), மறுபக்கம் கிளாஸ் 2 (மேற்பற்களை நோக்கக் கீழ்ப்பற்கள் பின்னே நிற்கும் நிலை) என்றிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலும் கிளாஸ் 2 பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல்தான் பின்தங்கியிருக்கும். கீழ் நடுக்கோடு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கம் மட்டும் கிளாஸ் 2 ரப்பர் பேண்ட் (மேற்கோரையிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குக் கட்டுவது) போடலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த ரப்பர் மேற்கோரைப்பல்லைக் கீழே இழுக்கிறது, அதாவது ஏற்கெனவே ஆழமான பக்கத்தை இன்னும் இறக்குகிறது. 0.019 × 0.025 ஸ்டீல் கம்பி மேலும் கீழும் ஏறிய பிறகு, மூன்று நான்கு மாதத்துக்குள் முடித்துவிடும் கணக்கோடு மட்டும் போடுங்கள். மெல்லிய கம்பியில் போட்ட ஒற்றைப்பக்க ரப்பர்தான் நாம் பார்க்கும் பல சாய்வுகளுக்குக் காரணம்.

பல் எடுத்து இடத்தை மூடும்போது கடி இன்னும் ஆழமாகும். குட்டை முகத்தில் முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் சமமாக எடுக்க வேண்டியதில்லை. வலம் கிளாஸ் 2, மேல் நடுக்கோடு இடப்பக்கம் போயிருக்கிறது, கீழே சரியாக இருக்கிறது என்றால் மேல் வலது முன்கடைவாய்ப்பல் ஒன்று போதும். வலம் கிளாஸ் 2, ஆனால் ஒதுங்கியது கீழ் நடுக்கோடு என்றால் மேலே இரண்டு, கீழே இடப்பக்கம் ஒன்று. முடிவில் கோரைப்பற்கள் இரு பக்கமும் கிளாஸ் 1, வலது கடைவாய் மட்டும் கிளாஸ் 2இல் நிற்கும். அது பிழையில்லை என்று முதலிலேயே எழுதிக்கொடுங்கள். பின்னால் வேறொரு மருத்துவர் பார்த்துக் குடும்பத்தைப் பயமுறுத்தாமல் இருக்கும்.

கம்பியால் ஆகாதது

முகவாய் மாதாமாதம் நகர்ந்துகொண்டே போகிறதா? ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பதிவெடுத்து ஒப்பிடுங்கள். கூடிக்கொண்டே போனால் தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். டெக்னீஷியம் எலும்பு ஸ்கேனில் இரு காண்டைல்களின் ஏற்பு 55க்கு 45 என்ற அளவிலோ அதற்கு மேலோ வேறுபட்டால் ஒரு பக்கம் இன்னும் துடிப்பாக வளர்கிறது என்று கொள்வார்கள். வளர்ச்சி நிற்கும் வரை கம்பியால் மறைக்கப் பார்க்காதீர்கள். மறைக்கச் சாய்த்த பற்களை அறுவைக்கு முன் மறுபடி நிமிர்த்த வேண்டி வரும்; பிள்ளைக்கு அது இரட்டைத் தண்டனை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல்சீரமைப்பும் தாடை அறுவையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், இரண்டு துறையும் சேர்ந்து திட்டமிட வேண்டிய பிள்ளைகளுக்கு அது வசதி. தனியார் மருத்துவர்களும் அங்கே அனுப்பத் தயங்க வேண்டாம்.

நடுவில் கெடுப்பவை

முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், பொங்கல் கரும்பு. ஆழ்கடியில் கீழ் பிராக்கெட்டுக்கு ஏற்கெனவே அடி விழுகிறது. இவை மிச்சத்தை முடித்துவிடும். நெம்புகோல் கட்டிய பக்கத்தில் ஒரு பிராக்கெட் விழுந்தால் முன்துண்டு சுழலும். அதனால் 'அடுத்த மாதம் வரும்போது பார்ப்போம்' என்று விடாமல் அந்த வாரமே வரச் சொல்லுங்கள். பொதுத்தேர்வுக் காலத்தில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வர முடியாதென்றால் பிப்ரவரியிலேயே நெம்புகோலைக் கழற்றி விசையில்லாக் கம்பி மாட்டிவிடுங்கள். இரண்டு மாதம் தள்ளிப்போகும், கெடுதல் வராது. மொத்தமாக 24 முதல் 30 மாதம் ஆகும் என்று சொல்லிவைப்பது நேர்மை.

கழற்றிய பிறகு

கடியைச் சற்றுக் கூடுதலாகவே திறந்து, 1 மி.மீ. மூடல் அளவில் முடியுங்கள்; திரும்பிப் போக இடம் வேண்டும். கீழே கோரை முதல் கோரை வரை ஒட்டுக்கம்பி. மேலே கழற்றி மாட்டும் ரிடெய்னர் (பற்களைப் புதிய இடத்தில் நிறுத்திவைக்கும் கருவி), அதில் முன்கடித்தட்டு அவசியம். கீழ் வெட்டுப்பற்கள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மறுபடி எழும்பாமல் இருக்கும். தட்டு இல்லாத வெறும் ஒளிபுகு ரிடெய்னரைக் கொடுத்து அனுப்புவது இந்தப் பிள்ளைகளுக்குப் போதாது. ஒரு வருடம் முழுநேரம்; அதன்பின் வளர்ச்சி நிற்கும் வரை இரவில், ஆண்பிள்ளைகளில் 20 வயதையொட்டி. வெந்நீரில் கழுவினால் வளையும். பள்ளியில் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுருட்டிவைத்தால் குப்பைக்குப் போகும். பெட்டியைப் புத்தகப்பைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்போது அதே மரப்பட்டையைக் கடிக்கவைத்து, முதல் நாள் எடுத்த அதே தூரத்தில் படமெடுத்து ஒப்பிடுங்கள். பழைய பக்கத்தில் 1 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் கடித்தட்டில் ஒரு படலம் அக்ரிலிக் ஏற்றுங்கள். அடுத்த வருகையிலும் இறங்கியிருந்தால், தாடை இன்னும் வளர்கிறதா என்று பார்க்கப் புதிய செஃபலோகிராம் எடுங்கள்.